பிஞ்சுக் கண்ணுக்கு வந்த ஆபத்து!

பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத குழந்தை. அதற்குக் கண் பரிசோதனையா?

ஆம்! குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கு அது கட்டாயம் வேண்டும். தாமதித்தால் வாழ்நாள் முழுவதும் இருட்டாகிவிடலாம்.

என்ன நோய்?

கண்ணின் உட்புறம், பின்பக்கத்தில் மெல்லிய திரை ஒன்று இருக்கிறது. அதுதான் விழித்திரை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதில் ரத்தக் குழாய்கள் பரவுகின்றன. குழந்தை முன்னதாகப் பிறந்தால் அந்த வேலை பாதியில் நின்றுவிடும். பிறகு குழாய்கள் தாறுமாறாக வளரும். பிராணவாயு அளவுக்கு மீறினாலும் இந்த ஆபத்து உண்டு. நோய் முற்றினால் திரை கழன்றுவிடும். பார்வை போய்விடும்!

வெளிப் பார்வைக்குக் கண் நன்றாகவே இருக்கும். பெற்ற தாய்க்கும் தெரியாது. உரிய காலத்தில் கண்டுபிடித்தால், லேசர் ஒளியால் வைத்தியம் செய்து பார்வையைக் காப்பாற்றலாம்.

டாக்டர் எங்கே?

இந்த நோயைப் பார்க்கத் தெரிந்த டாக்டர்கள் சிலரே. அவர்களும் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள். கிராமத்துக் குழந்தையின் கதி என்ன?

பெங்களூர் நாராயண நேத்ராலயா கண் ஆஸ்பத்திரி இதற்கு ஒரு வழி கண்டது. டாக்டர் ஆனந்த் வினேகர் தலைமையில் 2008-ல் வேலை தொடங்கியது. டாக்டர் அல்லாத ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் காமிராவுடன் ஊர் ஊராகப் போனார்கள். குழந்தையின் விழித்திரையைப் படம் பிடித்து அனுப்பினார்கள். பல மைல் தொலைவில் இருந்த டாக்டர், கம்ப்யூட்டரிலும் கைப்பேசியிலும் அதைப் பார்த்தார்.

ஊழியருக்கும் மார்க்!

படம் தெளிவாக இல்லாவிட்டால் டாக்டரால் என்ன சொல்ல முடியும்? ஆகவே ஊழியர்களின் திறமைக்கு மார்க் போட்டார்கள். மூன்று படிகள் வகுத்தார்கள். மேல் படிக்கு வந்தவர், படத்தைப் பார்த்து அங்கேயே முடிவு சொல்லலாம். பச்சை என்றால் கவலை இல்லை. ஆரஞ்சு என்றால் மறுபடி பார்க்க வேண்டும். சிவப்பு என்றால் அவசரம்!

அவர்கள் சொன்னது சரிதானா? டாக்டரின் முடிவோடு ஒப்பிட்டார்கள். கிராமப்புற மையங்களில் 1,601 குழந்தைகளைப் பார்த்த விவரம் 2014-ல் வெளியாயிற்று. 100-க்கு 94 முறை இருவர் முடிவும் ஒன்றாகவே இருந்தது!

தாய்மார் கவனிக்க!

கொட்டிவாக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தூரத் தொல்லை இல்லை. எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரி நகருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால், விஷயம் தெரியாவிட்டால் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தும் பயன் இல்லை.

குழந்தை 34 வாரத்துக்கு முன் பிறந்ததா? எடை 2 கிலோவுக்குக் குறைவா? அப்படியானால் 30 நாளுக்குள் கண்ணைக் காட்டுங்கள். மிகவும் சிறிய குழந்தை என்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே காட்ட வேண்டும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"குழந்தையின் கண்ணைப் பார்த்தாகிவிட்டதா, டாக்டர்?"