வேலைக்குப் போகும் தாய். விளையாடத் துடிக்கும் பிள்ளை

ஆம்பூரில் விடிவதற்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிடுகிறது. சோறு வடிக்க வேண்டும். மூத்த பிள்ளைக்குத் தலை வார வேண்டும். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு ஓட வேண்டும்.

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரங்களில் ஷூ கம்பெனிகளை நடத்திக்கொண்டிருப்பது பெண்களின் கைகள்தான். அவர்கள் தைக்கும் ஷூ ஐரோப்பாவில் நடக்கிறது. அவர்கள் பெற்ற பிள்ளை வீட்டில் தவழ்கிறது.

இப்படிப்பட்ட தாயிடம் போய், "குழந்தையோடு கொஞ்சம் விளையாடுங்கள் அம்மா" என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நேரத்துக்கு எங்கே போவது? பொம்மை வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பாள்.

நியாயமான கேள்வி. ஆனால் பதில் இருக்கிறது. செய்கிற வேலைக்கு நடுவிலேயே விளையாட்டுக் காட்டலாம். வீட்டில் கிடக்கும் சாமானே பொம்மையாகும். இது ஆறுதலுக்குச் சொல்லும் பேச்சல்ல. ஒரு தீவில் செய்து பார்த்து, இருபது வருடம் காத்திருந்து, கணக்குப் போட்டுக் கண்ட உண்மை.

ஒரு தீவில் நடந்தது

அந்தத் தீவின் பெயர் ஜமைக்கா. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். அதன் தலைநகரம் கிங்ஸ்டன். அங்கே ஏழைகள் வாழும் பகுதிகளில், வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை 1986, 1987ஆம் ஆண்டுகளில் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாம் 9 மாதத்திலிருந்து 24 மாதம் வரை வயதுள்ள குழந்தைகள். சாலி கிரந்தம் மெக்கிரிகர் என்ற அம்மையார் இந்த வேலையை முன்னின்று நடத்தினார்.

அந்தக் குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் ஒருவர் போவார். பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. பையில் வீட்டிலேயே செய்த விளையாட்டுச் சாமான்கள் இருக்கும். ஒரு மணி நேரம் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்து விளையாடிக் காட்டுவார். சாமானை அங்கேயே விட்டுவிட்டு வருவார். அடுத்த வாரம் அதை வாங்கிக்கொண்டு வேறு ஒன்றைக் கொடுப்பார். இரண்டு வருடம் இப்படியே நடந்தது. அவ்வளவுதான்!

இருபது வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். எல்லாரும் வாலிபர்கள் ஆகியிருந்தார்கள். சம்பளத்தை ஒப்பிட்டார்கள். விளையாட்டுப் பணியாளர் போன வீட்டுப் பிள்ளைகள், போகாத வீட்டுப் பிள்ளைகளைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். 2014ல் இந்தக் கணக்கு வெளியானபோது படித்தவர்கள் பலர் மூக்கில் விரலை வைத்தார்கள். தகர டப்பாவும் துணிப் பொம்மையும் பிற்காலத்தில் சம்பளமாக மாறியது என்றால் யார்தான் ஆச்சரியப்பட மாட்டார்கள்?

நமது வேலூரிலும் குழந்தைகளின் வளர்ச்சியைக் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். எட்டு நாடுகளில் ஒரே சமயத்தில் நடந்த ஒரு பெரிய ஆராய்ச்சியில், இந்தியாவுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பொறுப்பேற்றது. நகரத்தின் ஏழைப் பகுதிகளில் 2010 முதல் 2012 வரை 251 பச்சிளம் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனித்தார்கள். உயரம் குறைந்தே இருந்த குழந்தைகளுக்கு அறிவு வளர்ச்சியும் பின்தங்கியது. ரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவும் கெடுதல் செய்தது. வீட்டில் குழந்தையோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதும் அதன் அறிவைப் பாதித்தது. ஆகவே கீரையும் முட்டையும் வேண்டும். பேச்சும் விளையாட்டும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

பாட்டிக்குத் தெரிந்த பாடம்

குழந்தையின் வளர்ச்சியை விளையாட்டால் அளப்பது தமிழனுக்குப் புதிதல்ல. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தார்கள். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் காலம். ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி: உட்கார்ந்து கை கொட்டும் காலம். ஒரு வயதை ஒட்டி வருகை: தளர்நடை நடந்து வா என்று தாய் அழைக்கும் காலம். பிறகு அம்புலி: நிலாவைக் காட்டிக் கூப்பிடுவது. ஆண் பிள்ளைக்குக் கடைசியில் சிறுதேர் உருட்டுவது.

இன்றைக்கு டாக்டர் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய இவைதான். "தலை நிற்கிறதா? கை தட்டுகிறதா? நடக்கிறதா? நிலாவைக் காட்டினால் பார்க்கிறதா?" ஏதாவது ஒன்று மிகவும் தாமதப்பட்டால் டாக்டரிடம் காட்டுவது நல்லது. "அவன் அப்பாவும் மெதுவாகத்தான் பேசினார்" என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

உள்ளங்கையில் பருப்புக் கடைவது, முந்தானையால் முகத்தை மூடித் திறப்பது, நிலாச் சோறு ஊட்டுவது, இவை எல்லாம் நல்ல விளையாட்டுகள். முந்தானை விளையாட்டில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் போன அம்மா திரும்பி வருவாள் என்று குழந்தை கற்றுக்கொள்கிறது. காலையில் கம்பெனிக்குப் போகும் அம்மாவின் குழந்தைக்கு இதைவிட வேண்டிய பாடம் எது?

எந்த மொழியில் பேசுவது? வீட்டில் பேசும் மொழியில்தான். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அங்கே நானியும் தாதியும் உருதிலேயே கொஞ்சட்டும். உருதிலேயே கதை சொல்லட்டும். தமிழும் இங்கிலீஷும் பின்னால் தானாக வந்து சேரும்.

ஷூ டப்பா என்ற பொக்கிஷம்

இந்த வட்டாரத்தில் சுலபமாகக் கிடைக்கும் அருமையான விளையாட்டுச் சாமான் ஒன்று உண்டு. அதுதான் ஷூ டப்பா!

வெறும் அட்டைப் பெட்டிதானே என்று தூக்கி எறிய வேண்டாம். ஆறேழு மாதக் குழந்தை அதைத் தட்டித் தாளம் போடும். ஒரு வயதுக் குழந்தை அதற்குள் வெங்காயத்தைப் போடும், எடுக்கும், மறுபடியும் போடும். நூறு தடவை செய்யும். பார்க்கிற நமக்குத்தான் அலுப்பு; அதற்கு அலுப்பே கிடையாது. மூடியில் ஒரு துளை போட்டுக் கொடுத்தால், பாட்டில் மூடியைவிடப் பெரிய சாமான் எது உள்ளே போகும், எது போகாது என்று ஆராய்ச்சி செய்யும். ஒரு முனையில் கயிறு கட்டினால் சிறுதேர் ஆகிவிடும். துணிப் பொம்மையை உட்கார வைத்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டரை வயதில் அதே டப்பா அடுப்பாகும், கடையாகும், ரயிலாகும்.

கொடுப்பதற்கு முன் டப்பாவுக்குள் கிடக்கும் சின்ன வெள்ளைப் பொட்டலத்தை எடுத்து எறிந்துவிட வேண்டும். ஈரம் உறிஞ்சுவதற்காகப் போடும் பொட்டலம் அது. குழந்தை வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். கயிறும் நீளமாக வேண்டாம், கழுத்தில் சுற்றிக்கொள்ளும். புளியங்கொட்டை, சோழி, மணி, பட்டன் இவையும் மூன்று வயது வரை கைக்கு எட்டக் கூடாது.

சமையல் செய்யும்போது குழந்தையை அடுப்புக்கு எட்டாத இடத்தில் உட்கார வைத்து, நாலு டம்ளரும் ஒரு கரண்டியும் கொடுத்தால் அரை மணி ஓடிவிடும். இடையிடையே, "இது பெரிய டம்ளர், அது சின்ன டம்ளர், அம்மா இப்போது தக்காளி நறுக்கப் போகிறேன்" என்று பேசிக்கொண்டே இருந்தால் போதும். சத்தம் அதிகமாக இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஊசியும் பிள்ளையும்

கம்பெனிக்குப் போகாமல் வீட்டிலேயே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கும் பெண்களும் ஆம்பூர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஜோடிக் கணக்கில் கூலி. தைத்தால்தான் காசு. குழந்தை பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் அம்மாவின் இரண்டு கையிலும் வேலை. தரையில் ஊசி, நூல், தோல் துண்டு.

தோல் துண்டு மெத்தென்று இருக்கிறது; குழந்தை சுகமாகக் கடிக்கிறது; அழாமல் இருக்கிறது. இது பழகக் கூடாத பழக்கம். அந்தத் தோலில் குரோம் உப்பும் சாயமும் ஏறியிருக்கின்றன. காலுக்குப் போட வேண்டியது வாய்க்குப் போகக் கூடாது. பசை டப்பாவின் வாடையும் குழந்தைக்கு ஆகாது. சொல்யூஷன் ஒட்டும் வேலை இருந்தால், குழந்தையை வேறு அறையில் ஒருவர் பார்த்துக்கொள்வது நல்லது. தைக்கும் வேலை மட்டும் என்றால் அம்மாவின் கைதான் கட்டுப்பட்டிருக்கிறது, வாய் கட்டுப்படவில்லை. பாட்டுப் பாடலாம், கதை சொல்லலாம், "அந்தப் பந்தை எடுத்து வா" என்று வேலை வாங்கலாம். ஊசியை எண்ணி எடுத்து, எண்ணி வைக்க வேண்டும்.

வேலை நடக்க வேண்டுமே என்று செல்போனைக் கையில் கொடுப்பவர்கள் பலர். அவர்களைத் திட்டிப் பயனில்லை. வேறு வழி தெரியாமல்தான் கொடுக்கிறார்கள். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் சொன்னதைத் தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு வயது வரை டி.வி.யும் செல்போனும் காட்டவே வேண்டாம். இரண்டு வயதுக்கு மேல் நாலு வயது வரை, நாளுக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம். ஒரு வயது ஆன குழந்தை நாளுக்கு மூன்று மணி நேரமாவது ஓடியாட வேண்டும். விழித்திருக்கும் குழந்தையை ஒரே இடத்தில் ஒரு மணிக்கு மேல் கட்டிப்போட்டு வைக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது?

வேலை செய்யும் தாயின் பிள்ளைக்காகச் சட்டம் பேசத் தொடங்கி வெகு காலம் ஆகிறது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆலைக்குள் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் கட்டளையிட்டது. 1976ல் அதை 30 பெண்கள் என்று குறைத்தார்கள். 2017ல் வந்த திருத்தம், ஆண் பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே காப்பகம் வேண்டும் என்றது. தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. 2020ல் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்த உரிமை இருக்கிறது. நான்கு முறை என்பதைப் பல தாய்மார்கள் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். தெரிந்துகொண்டு கேட்பதில் தவறில்லை.

வீட்டில் தைக்கும் தாய்க்கு இந்தக் காப்பகம் கிடையாது. அவளுக்கு இருப்பது அங்கன்வாடி. 1972ல் மீனா சுவாமிநாதன் தலைமையில் ஒரு குழு, பள்ளிக்குப் போகும் வயதுக்கு முன்பே பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2ஆம் தேதி அங்கன்வாடித் திட்டம் பிறந்தது. இரண்டு வயது ஆன குழந்தையை அங்கே விடலாம். உணவு உண்டு, பாட்டு உண்டு, விளையாட்டு உண்டு. ஆனால் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை? அதற்குப் பாட்டிதான், பக்கத்து வீட்டுக்காரிதான், அக்காள்தான். இந்த ஓட்டையை யாரும் இன்னும் சரியாக அடைக்கவில்லை.

கம்பெனியில் காப்பகம் இருக்கிறது என்றால் தாய் ஒரு முறை உள்ளே எட்டிப் பார்க்கட்டும். சுவர் ஓரமாகத் தூளிகள் மட்டும் தொங்குகின்றனவா? தரையில் விளையாட்டுச் சாமான் இருக்கிறதா? ஆயா குழந்தைகளோடு பேசுகிறாரா? பாலைக் கொடுத்துத் தூங்க வைப்பதோடு நின்றால் அது பாதிக் காப்பகம்தான்.

அக்காளுக்கும் விடுமுறை உண்டு

மே மாதம் வந்தால் பள்ளிக்கூடம் மூடுகிறது. உடனே பத்து வயது அக்காள், வீட்டின் ஆயா ஆகிவிடுகிறாள். அம்மாவுக்குப் பெரிய உதவிதான். ஆனால் அவளும் குழந்தை. நாள் முழுவதும் தம்பியை இடுப்பில் சுமந்தால் அவளுடைய விடுமுறை என்ன ஆவது?

தெருவில் நாலு வீடு சேர்ந்தால் இதற்கு வழி உண்டு. ஒரு நாள் ஒரு வீட்டுப் பாட்டி, மறுநாள் இன்னொரு வீட்டுப் பாட்டி என்று முறை வைத்துக்கொள்ளலாம். நிழலான திண்ணை, ஒரு சாக்கு மணல், தண்ணீர்ப் பானை, பத்து ஷூ டப்பா. சின்னதுகள் பெரியவர் கண் முன்னால் மணலில் வீடு கட்டும். பெரிய பிள்ளைகள் பாண்டி ஆடப் போய்விடலாம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முறையாக இருக்கட்டும். பல அப்பாக்களுக்குக் கைக்குழந்தையோடு என்ன செய்வது என்றே தெரிவதில்லை. தூக்கிக்கொண்டு வெளியே போனால் போதும். காசு இருந்தால் வேலூர்க் கோட்டை, அமிர்தி வன உயிரியல் பூங்கா, ஏலகிரி ஏரி. காசு இல்லாவிட்டால்? இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஏலகிரியும் ஒன்றுதான், எதிர்வீட்டு ஆட்டுக்குட்டியும் ஒன்றுதான். ஆம்பூரில் இருப்பவர்களுக்கு ரயில் இருக்கிறது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நாள் முழுவதும் வண்டிகள் ஓடுகின்றன. தண்டவாளத்திலிருந்து நன்றாகத் தள்ளி, பாதுகாப்பான இடத்தில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றால், பெட்டிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம். பிள்ளை ஐந்துக்குப் பிறகு ஒன்பது என்று சொல்லும். திருத்தாமல் கூடவே எண்ணலாம். அடுத்த வண்டி வரும் வரை அது "இன்னொன்று, இன்னொன்று" என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.