இ.வி. கார் வாங்கலாமா? முதல்ல உங்க கிலோமீட்டரைக் கணக்கு போடுங்க

"எட்டு வருஷத்துல பேட்டரி போயிடுமே சார்?" கார் லோன் பத்திப் பேச வர்றவங்க எல்லாரும் கேக்கற கேள்வி. பேட்டரி ஒரே நாள்ல செத்துப்போகாது. கொள்ளளவு மெல்ல மெல்லத்தான் குறையும். நம்ம ஊர்ல பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தர்றாங்க. எத்தனை சதவீதத்துக்குக் கீழ போனா மாத்தித் தருவாங்க, ரெண்டாவது ஓனருக்கும் அது செல்லுமான்னு படிச்சுடுங்க. ரீசேல் விலை அதுலதான் நிக்குது.

விளம்பரத்துல 450 கி.மீ. ரேஞ்ச்னா, ஏசியோட ஹைவேயில 300-ன்னு வெச்சுக்கறது என் வழக்கம். சென்னை டு மதுரைக்கு நடுவுல ஒரு தடவை சார்ஜ் போடணும், அவ்வளவுதான்.

காசு விஷயம் வேற. பெட்ரோலுக்கு கி.மீ.க்கு 7 ரூபாய், வீட்டு சார்ஜிங்குக்கு 1.50 ரூபாய்னா மிச்சம் 5.50. மாசம் 1,000 கி.மீ. ஓட்டினா 5,500 ரூபாய். இ.வி.க்கு 4 லட்சம் கூடுதலா கொடுத்திருந்தா சுமார் 6 வருஷத்துல திரும்பிடும், வாரண்டிக்குள்ளயே. மாசம் 400 கி.மீ.தான்னா? 15 வருஷம்! வொர்க் ஃப்ரம் ஹோம் ஆளுங்களுக்கு நான் வேண்டாம்னுதான் சொல்வேன். அபார்ட்மென்ட்ல சார்ஜிங் பாயின்ட் இல்லாதவங்களுக்கும்தான்; வெளியில யூனிட் விலை அதிகம்.

அப்புறம், லோன் வட்டிக்கு 1.5 லட்சம் வரிக்கழிவு உண்டுன்னு யாராவது சொன்னா நம்பிடாதீங்க. அந்த 80இஇபி, 31.03.2023-க்குள்ள சாங்ஷன் ஆன லோனுக்கு மட்டும்தான். அதுவும் பழைய வரி முறையில.