புதுத் தம்பதியின் முதல் கணக்கு

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு விவாகம் நிச்சயமாகிவிட்டால், பந்தலுக்கு எவ்வளவு, சமையலுக்கு எவ்வளவு, முகூர்த்தப் புடவைக்கு எவ்வளவு, தாய்மாமன் சீர் எந்த அளவில் வரும் என்பதையெல்லாம் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் கிரமமாக எழுதிவிடுகிறார்கள். ஆயினும் அந்த நோட்டின் எந்தப் பக்கத்திலும் இடம்பெறாமல், கல்யாணம் முடிந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ தலைகாட்டுகிற செலவு ஒன்று உண்டு. அதுதான் தேனிலவுப் பிரயாணம்.

நம்முடைய பாட்டன் பாட்டிமார் காலத்தில் இத்தகைய வழக்கம் இருந்ததில்லை. அவர்கள் குலதெய்வக் கோயிலுக்குப் போனார்கள். உறவினர் வீடுகளுக்கு விருந்துக்குப் போனார்கள். அத்துடன் புதுமணப் பயணம் முற்றுப்பெற்றது. 1961-ஆம் ஆண்டில் இயக்குநர் ஸ்ரீதர் காஷ்மீரத்துக்குச் சென்று ‘தேன் நிலவு’ திரைப்படத்தை எடுத்து வந்தபோது, அந்த ஏரியும் பனிமலையும் நம் ஊர்க் கொட்டகைகளில் படம் பார்த்த ஜனங்களுக்கு எட்டாத கனவாகவே இருந்திருக்கும். இன்றோ, சுரபி நதிக்கரையிலே சுயம்பு சனீஸ்வரர் வீற்றிருக்கும் குச்சனூரைப் போன்ற சிற்றூர்களிலும், மணமான பிள்ளைகள் நாலு நாள் மூணாற்றுக்கோ தேக்கடிக்கோ கொடைக்கானலுக்கோ போய்வர ஆசைப்படுவது சகஜமாகிவிட்டது. இந்த ஆசையை நான் குறை கூறமாட்டேன். சுற்றமும் நட்பும் சூழ்ந்திருக்கிற வீட்டிலே, அதுவரை ஒருவரையொருவர் நன்கறியாத இருவர் மனம்விட்டுப் பேசிக்கொள்வதற்குச் சில தினங்கள் தனித்திருப்பது மிகவும் அவசியம். அதற்குச் செலவாகும் பணம் வீண்செலவும் அன்று. ஆனால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

முன்னேற்பாடு இல்லாத வீட்டில் பெரும்பாலும் முதலில் கை போவது மொய்ப்பணத்தின் மீதுதான். மதுரைக்கு மேற்கே வாழ்கிற நமக்குச் செய்முறை என்றால் என்னவென்று எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மண்டபத்து வாசலில் மேஜை போட்டு, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் தொகையும் எழுதி வாங்குகிற அந்த மொய் நோட்டு, பார்வைக்கு வருமானக் கணக்குப் போலத் தோன்றினாலும் உள்ளபடிக்கு அது கடன் பத்திரமேயாகும். இன்று ஆயிரம் ரூபாய் எழுதியவருடைய வீட்டில் நாளைக்குக் காதுகுத்தோ சடங்கோ கல்யாணமோ நேரும்போது, அந்த ஆயிரத்தோடு மேலும் ஏதேனும் கூட்டித்தான் திருப்பிச் செய்தாக வேண்டும். கெடுத்தேதி இல்லை என்பதைத் தவிர, மற்றெல்லா விதத்திலும் அது கடனுக்குரிய லட்சணங்களைப் பெற்றிருக்கிறது. அதிலும் பெற்றோர் பல வருஷங்களாக ஊரெல்லாம் செய்துவைத்த முறைதான் பிள்ளையின் கல்யாணத்தில் திரும்பி வருகிறதாகையால், பந்தல்காரருக்கும் மளிகைக் கடைக்கும் தரவேண்டிய பாக்கியை அடைப்பதற்கே பெரியவர்கள் அதை எதிர்பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட தொகையிலிருந்து முப்பதாயிரம் ரூபாயை உருவிக்கொண்டு மலைக்குப் புறப்படுகிற தம்பதிகள், திரும்பி வரும்போது வீட்டில் காண நேர்கிற முகவாட்டத்துக்குத் தாங்களே காரணம் என்பதை அறியாமலும் போகலாம்.

மொய்ப்பணத்தைத் தொடக் கூசுகிறவர்கள் அடுத்தபடியாக நாடுவது மணப்பெண்ணின் நகை. இதை இன்னும் கண்டிப்பாகவே மறுக்க வேண்டும். பெண்ணுக்குப் பிறந்தகத்தார் போட்ட நகை ஸ்திரீதனம். அது முழுக்க முழுக்க அவளுக்கே உரிமையானது என்று 1985-இல் பிரதிபாராணி வழக்கில் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. புகுந்த வீட்டுக்கு வந்த முதல் மாதத்திலேயே, உல்லாசப் பயணத்துக்காகத் தன் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போவதை ஒரு பெண் வாய்திறந்து தடுக்கமாட்டாள் என்பதனாலேயே, அவளைக் கேட்காமலிருப்பது கணவனுடைய கடமையாகிறது.

மூன்றாவது வழி வட்டிக்கு வாங்குவது. கிராமத்தில் மூன்று வட்டி என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருஷத்துக்கு முப்பத்தாறு. முப்பதாயிரம் ரூபாய் வாங்கினவர் மாதம் 900 வீதம் ஓராண்டில் 10,800 ரூபாய் வட்டி மட்டும் கட்டியிருப்பார், அசலோ அப்படியே இருக்கும். அதே தம்பதிகள் வங்கியில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று தொடங்கி மாதம் 2,500 ரூபாய் செலுத்தியிருந்தால், வட்டி விகிதம் ஆறரை சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டாம் மாத முடிவில் முப்பதாயிரத்தோடு ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட தொகையும் சேர்ந்து கையில் இருக்கும். ஒரே பிரயாணம், முன்னால் சேர்ப்பதற்கும் பின்னால் அடைப்பதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் ரூபாய்.

ஆனால் நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையே நம் பக்கத்தில் இரண்டு மூன்று மாதந்தானே இருக்கிறது, அதற்குள் எப்படிச் சேர்ப்பது என்று கேட்கலாம். இந்த நியாயமான கேள்விக்கு என்னுடைய பதில், தேனிலவுக்குக் கல்யாணத்தை அடுத்த வாரமே போயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் எந்தச் சாஸ்திரத்திலும் கிடையாது என்பதே. அந்த முதல் மாதம் எப்படியும் மறுவீட்டிலும் விருந்திலும் கழிந்துவிடுகிறது. பிறகு தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்கு வருகிறது; ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். தை மாதத்தில் மணம் முடித்த தம்பதிகள், மாசி தொடங்கி ஆடி முடிய உள்ள ஆறு மாதங்களில் ஆளுக்கு 2,500 ரூபாய் வீதம் சேர்த்தால், ஆடி கழிந்து பெண் புகுந்தகம் திரும்பும் சமயத்தில் முப்பதாயிரம் ரூபாய் சித்தமாக இருக்கும். பிரிந்திருந்த மாதத்துக்குப் பிறகு சேர்ந்து போகிற பயணத்தில் இனிமை குறைந்துவிடுமா? கூடவே செய்யும் என்று நான் நம்புகிறேன். அதைவிட முக்கியமான அனுகூலம், இரண்டு பேரும் தத்தம் வருமானம் இன்னது, செலவு இன்னது என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லிக்கொண்டு, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து பணம் ஒதுக்கிப் பழகுவதாகும்.

சேர்க்கிற விதம் அவரவர் வருமானம் வருகிற விதத்தைப் பொறுத்தது. மாதச் சம்பளக்காரருக்குத் தொடர் வைப்பு பொருந்தும். பல வங்கிகளில் ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதத் தவணையிலிருந்தே அது உண்டு. அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கக்கூடிய நல்ல திட்டமானாலும், ஐந்து ஆண்டுத் தவணையுடையது, மூன்றாண்டுக்கு முன் முடிக்க இயலாதது ஆகையால், இன்னும் பெண் பார்க்கவே தொடங்காத இளைஞருக்குத்தான் அது ஏற்றது. நெல் விவசாயிக்கோ பணம் மாதாமாதம் வருவதில்லை. பெரியாறு அணையில் நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் தண்ணீர் திறந்து, பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் முதல் போகம் நடவாகி, அறுவடைக்குப் பின்னரே கையில் காசு புரளும். அந்த ஒரே சமயத்தில், உரக்கடைப் பாக்கியைத் தீர்த்த மறுநாளே, பயணத்துக்குரிய தொகையைத் தனியாக நிரந்தர வைப்பில் போட்டுவிடுவது உசிதம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பயிரிடுகிறவர்களுக்கு ஆண்டில் ஒரு முறைக்கு மேற்பட்டு அறுவடை கிடைப்பதால், ஒவ்வொரு வெட்டிலும் ஒரு பங்கை எடுத்துவைக்கலாம். குச்சனூரில் கோயிலை அண்டிக் கடை வைத்திருப்பவர்களுக்கு, சனிக்கிழமைதோறும், விசேஷமாக ஆடிச் சனிக்கிழமைகளில், திரளும் பக்தர்களால் வருகிற வியாபாரமே சேமிப்புக்கு மூலம். விடியுமுன் ஜீப் ஏறி வண்டன்மேட்டுக்கும் உடும்பன்சோலைக்கும் ஏலத்தோட்ட வேலைக்குப் போய்வருகிற பெண்களோ, கூலி கைக்கு வந்த அன்றே ஒதுக்கினால்தான் உண்டு.

ஏலச்சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 1982-ஆம் ஆண்டுச் சிட்பண்ட் சட்டப்படி பதிவான சீட்டாகவே இருந்தாலும், நடத்துகிறவருக்கு ஏழு சதவீதம் வரை கழிவு உண்டு. முன்கூட்டி எடுப்பவர் தள்ளுபடியில் மேலும் இழப்பார். குறித்த தேதியில் குறித்த தொகை வேண்டியவருக்கு அது அவ்வளவாக ஒத்துவராது. பதிவில்லாத சீட்டிலோ, முதலுக்கே பாதுகாப்பில்லை.

இனி, எப்போது போவது என்பது. இது பணத்தை மிச்சப்படுத்துவதில் சேமிப்புக்குச் சமமான பங்குடையது. ஏனெனில் மலை ஸ்தலங்களில் அறை வாடகை பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்குகிறது. வைகாசியில் மணமாகி உடனே புறப்படுகிறவர்கள் பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். கார்த்திகையில் மணமானவர்களுக்கோ சபரிமலை யாத்திரை குறுக்கிடும். அப்போது குமுளிச் சாலை முழுவதும் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் நிறைந்திருக்க, கம்பம்மெட்டு வழியாகச் சுற்றிவிடுவதும் உண்டு. தையிலும் மாசியிலும் மூணாற்றின் குளிர் சுகமானதுதான். ஆனால் வரையாடுகள் குட்டி ஈனும் காலமாகையால் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுகிறார்கள் என்பதை அறியாமல் போய் ஏமாறக் கூடாது. ஆனி ஆடியில் வாடகை மலிவு; எனினும் தென்மேற்குப் பருவமழையில் போடிமெட்டுக்கு அப்பால் மண்சரிவு நேரக்கூடும். மழை தணிந்து மலையெல்லாம் பசுமையேறி நிற்கும் ஆவணிக் கடைசியும் புரட்டாசியுமே, ஓணப் பண்டிகை வாரத்தையும் காலாண்டு விடுமுறையையும் விலக்கிக்கொண்டால், நம் பள்ளத்தாக்குத் தம்பதிகளுக்கு எல்லா வகையிலும் சிறந்த காலம் என்பது என் அபிப்பிராயம்.

முப்பதாயிரம் ரூபாயை எப்படிப் பங்கிடுவது என்பதற்கு உதாரணமாக ஒன்று சொல்கிறேன்; விலைகள் மாறும், முறை மாறாது. மூன்று இரவு அறைக்கு இரவுக்கு 3,500 வீதம் 10,500, வாடகைக் காருக்கு 9,000, உணவுக்கு 5,000, படகு, பூங்கா முதலிய கட்டணங்களுக்கு 1,500, வீட்டாருக்கு வாங்கும் தேயிலை, சாக்லேட்டுக்கு 1,000. ஆக 27,000 ஆயிற்று. மீதி 3,000, அதாவது பத்தில் ஒரு பங்கு, காய்ச்சலுக்கும் வண்டி பழுதுக்கும் என்று தொடாமல் வைக்க வேண்டியது. கார் செலவுதான் பலரையும் கணக்குத் தப்ப வைக்கிறது: ஓட்டுநர் படி, மலையேற்றக் கட்டணம், கேரளத்துக்குள் நுழைவதற்கான பெர்மிட் வரி ஆகியவை பேசிய தொகையில் அடக்கமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அறைக்கும் வரி சேர்த்த தொகையையே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

இவ்வளவு தொகை கூடாதவர்களுக்கும் இந்தப் பிரதேசம் வஞ்சனை செய்யவில்லை. கம்பத்திலிருந்து குமுளிக்குப் பேருந்து அடிக்கடி போகிறது. தேக்கடியில் ஓர் இரவு தங்கி, 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையால் உண்டான ஏரியில் படகேறினால், தங்கள் வயலுக்குச் சுரங்கத்தின் வழியே வந்து சேர்கிற நீரை அதன் பிறப்பிடத்திலேயே பார்த்ததாகும். மேகமலையோ சின்னமனூரிலிருந்து ஏறுகிற தூரத்தில் இருக்கிறது. தங்குமிடங்கள் சொற்பமாகையால் அறையை உறுதி செய்துகொண்டும், வனத்துறைச் சோதனைச் சாவடியில் மாலையில் வழி அடைத்துவிடுவார்களாகையால் பகலிலேயே ஏறி இறங்கும்படி நேரம் வகுத்துக்கொண்டும் போக வேண்டும். கொடைக்கானலுக்கு 2024 மே முதல் சொந்த வாகனத்தில் போகிறவர்கள் இ-பாஸ் பதிவு செய்வது கட்டாயம். அதற்குக் கட்டணம் இல்லை.

தொலைதூரம் போக விரும்புகிறவர்களுக்கு, அகலப்பாதையான பிறகு 2022-இல் தேனிக்கும் 2023 ஜூன் 15 முதல் போடிக்கும் வந்துசேர்ந்த ரயில் பெரிய சகாயம். போடியிலிருந்து வாரம் மூன்று நாள் சென்னைக்குப் போகும் வண்டியில் ஏறினால், அங்கிருந்து எத்திசைக்கும் இணைப்பு உண்டு. முன்பதிவு 2024 நவம்பர் முதல் அறுபது நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஆகையால் புரட்டாசிப் பயணத்துக்கு ஆடியிலேயே நாள் பார்த்து, பெண் தாய்வீட்டில் இருக்கும்போதே அவளுடன் கலந்து பேசி, போக வர இரண்டு சீட்டையும் ஒருமித்து எடுத்துவிட வேண்டும்.