பொதி அவிழ்க்கும் கருவி



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பயிற்சி பெறும் மாணவர் ஒருவருக்கு மூன்று இடங்களிலிருந்து இயந்திர வரைபடங்கள் வருவதாகக் கொள்வோம். ஒருவர் ஜிப் வடிவிலும், மற்றொருவர் ரார் வடிவிலும், வேறொருவர் செவன்-ஜிப் வடிவிலும் அவற்றைப் பொதிந்து அனுப்புகின்றனர். ஒவ்வொன்றையும் அவிழ்க்கத் தனித்தனிக் கருவி தேட வேண்டுமா? வேண்டுவதில்லை. கணினியின் கட்டளை வரியில் இயங்கும் ஒரே கருவி இவற்றுட் பெரும்பாலானவற்றை அவிழ்த்துவிடும்.

முதலில் பொதி என்பது யாதெனக் காண்போம். பல கோப்புகளை ஒன்றாகக் கட்டுவது ஒரு தொழில். இடம் குறையுமாறு சுருக்குவது மற்றொரு தொழில். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த 'டார்' கட்டுவதை மட்டும் செய்தது. காந்த நாடாவில் கோப்புகளைச் சேமிப்பதற்காக எழுந்தது அது. 1992இல் வந்த 'ஜீஜிப்' சுருக்குவதை மட்டும் செய்தது. சில கோப்புப் பெயர்கள் இரட்டை விகுதியுடன் முடிவதன் காரணம் இதுவே. 1989இல் ஃபில் காட்ஸ் அமைத்த ஜிப் வடிவமோ இரண்டையும் ஒருங்கே செய்கிறது.

இவ்வடிவங்களை எல்லாம் ஒரே வாயிலில் வரவேற்கும் நோக்குடன் டிம் கின்ட்சில் என்பவர் 'லிப்ஆர்க்கைவ்' என்னும் நிரல் தொகுப்பை உருவாக்கினார். அதன் கட்டளைக் கருவி 'பிஎஸ்டி-டார்'. 2018 முதல் விண்டோஸ் 10இலும் 'டார்' என்ற பெயரால் அஃது இடம்பெற்றுள்ளது. ஆயினும் பழைய பதிப்புகள் சில வடிவங்களை அவிழ்க்கமாட்டா. டெபியன் வழிவந்த லினக்ஸ்களில் அதனைத் தனியே நிறுவிக்கொள்ளலாம்.

வந்திருக்கும் பொதி எவ்வடிவினது என்பதைக் கருவி எவ்வாறு அறிகிறது? பழவேற்காட்டுக் கரையில் மீன் ஏலம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மீனைக் கண்டு ஒவ்வொருவரும் விலை கேட்பர். மிகுதியாகக் கேட்டவருக்கே கூடை போகும். லிப்ஆர்க்கைவிலும் அத்தகைய ஏலமே நடக்கிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் உரிய பகுதி கோப்பின் தொடக்கத்தைப் படித்து, 'இது எனதே' என்பதில் தனக்குள்ள உறுதியை ஓர் எண்ணாகக் கூறும். எவ்வெண் பெரிதோ அப்பகுதி வேலையை ஏற்கும். ஜிப் கோப்பு பொதுவாக 'பி, கே' என்ற இரண்டெழுத்துகளுடன் தொடங்கும். அவை காட்ஸ் அவர்களின் பெயர் முதலெழுத்துகள். ஆகவே கோப்பின் பெயர் தவறாயிருந்தாலும் கருவி ஏமாறுவதில்லை.

கட்டளையோ மிக எளிது. கருவியின் பெயர், ஒரு சிறுகோடு, 'எக்ஸ்', 'எஃப்' என்னும் இரண்டு சிற்றெழுத்துகள், பின்னர்க் கோப்பின் பெயர்; அவ்வளவே. ஆனால் எளிமையில் இடர் உண்டு. பொதியினுள் உங்கள் கோப்பின் பெயரிலேயே வேறொரு கோப்பு இருப்பின், பல நாள் உழைத்து வரைந்த படம் ஒரு நொடியில் அழிந்து, அதனிடத்தில் புதியது அமர்ந்துவிடும். தீயோர் சிலர், குறித்த கோப்புறைக்கு வெளியே சென்று விழுமாறு உள்ளிருக்கும் பெயர்களை அமைப்பதும் உண்டு. பல மென்பொருள்களில் இருந்த இக்குறையை 2018இல் ஸ்னிக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் 'ஜிப் ஸ்லிப்' என்ற பெயரால் உலகறியச் செய்தது. பிஎஸ்டி-டார் அத்தகைய வழிமாறும் பெயர்களை இயல்பாகவே மறுத்துவிடும். எல்லாக் கருவிகளும் அவ்வாறு மறுக்கும் என நம்புவதற்கில்லை.

ஆதலின் மூன்று பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். 'எக்ஸ்' இடுமுன் அதனிடத்தில் 'டி' இட்டு, உள்ளிருக்கும் பெயர்ப் பட்டியலைப் படியுங்கள். புதிய கோப்புறை ஒன்றை அமைத்து, பெரிய எழுத்துச் 'சி'யால் அதனைச் சுட்டி, அங்கேயே அவிழுங்கள். பழைய கோப்புகளைக் காக்க வேண்டுமாயின் சிறிய எழுத்துக் 'கே'யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஆகும் நேரம் ஒரு நிமிடமே. அழிந்த வரைபடத்தை மீண்டும் வரையவோ பல நாட்கள் வேண்டும்.