‘டிசாஸ்டர்’ என்னும் சொல்லும் பேரிடரின் இலக்கணமும்

‘டிசாஸ்டர்’ என்னும் ஆங்கிலச் சொல், கேட்டைக் குறிக்கும் முன்னொட்டும் விண்மீனைக் குறிக்கும் சொல்லும் இணைந்த இத்தாலிய வடிவத்திலிருந்து பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கோள்நிலை பிழைத்தால் துன்பம் நேரும் என்ற பழைய நம்பிக்கை அதன் வேரில் உள்ளது.

இன்றைய ஆட்சி வழக்கில் அதன் பொருள் வேறு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தியா இயற்றிய 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம், இயற்கையாலோ மனிதச் செயலாலோ, விபத்தாலோ அலட்சியத்தாலோ நேர்ந்து, பெருமளவு உயிரிழப்பையோ உடைமை இழப்பையோ சூழல் சீர்கேட்டையோ விளைவித்து, அப்பகுதி மக்களின் சமாளிக்கும் திறனுக்கு அப்பாற்பட்டதாக அமையும் கடுமையான நிகழ்வையே பேரிடர் என வரையறுக்கிறது.

தீங்கு விளைவிக்கக்கூடிய நிகழ்வை ஆங்கிலத்தில் ‘ஹஸார்டு’, அதாவது இடர் என்பர். அது மக்களின் தாங்குதிறனை மீறும்போதுதான் பேரிடராகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்த கஜா புயலின் காற்று ஓர் இடர். அது புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்னைகளையும் மின்கம்பங்களையும் சாய்த்து, உழவர் குடும்பங்களின் பல்லாண்டு வருவாயைப் பறித்தது பேரிடர்.

புயல்போல் திடீரென வராமல் மெல்லப் படரும் வறட்சிக்கும் இச்சொல் பொருந்தும். அம்மாவட்டத்தின் குளத்தூர் வட்டம் போன்ற மானாவாரிப் பகுதிகளில் கண்மாய்களைத் தூர்வாரி, வரத்துக்கால்களைக் காத்தால், மழை பொய்த்த ஆண்டையும் மக்கள் தாங்கிக்கொள்ள வழி பிறக்கும். இடரைத் தடுக்க இயலாதபோதும் அது பேரிடராக முற்றாமல் காக்கலாம் என்பதே இச்சொல்லைக் கற்பதன் உண்மையான பயன்.