பாட்டியை விட்டுப் பேரனைப் பிடித்த காய்ச்சல்

லெம்பா பெர்த்தாமில் இருந்துகொண்டு, பிள்ளையைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி வைத்திருக்கும் பெற்றோர்களே! ராத்திரி எட்டு மணிக்கு விடுதியிலிருந்து மகன் போன் செய்து, "அம்மா, காய்ச்சல் கொதிக்குது, உடம்பெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலிக்குது" என்றால், உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் வார்த்தை என்ன? "பஸ் ஏறி வந்துடு ராசா" என்பதுதானே! வீட்டுக்கு வந்தால் சுக்குக் கசாயம் போட்டுக் கொடுக்கலாம், நெஞ்சில் தைலம் தேய்த்து விடலாம். பெற்ற மனம் வேறு எப்படிச் சொல்லும்? ஆனால் அது ஃப்ளூ காய்ச்சலாக இருந்தால், அந்த வார்த்தையைச் சொல்லுமுன் கொஞ்சம் பொறுங்கள்.

2009ஆம் ஆண்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பன்றிக் காய்ச்சல் என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஏப்ரல் மாதத்தில் மெக்சிகோவிலும் அமெரிக்காவிலும் தலைகாட்டிய எச்1என்1 என்ற கிருமி, மே 15ஆம் தேதி நம் நாட்டிலும் இருப்பது உறுதியானது. யாரிடம் தெரியுமா? அமெரிக்காவிலிருந்து விமானத்தில் திரும்பிய 21 வயது மாணவரிடம். அவரைச் சுங்கை பூலோ மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவதாகக் கண்டுபிடிக்கப்பட்டவரும் அதே விமானத்தில் வந்த ஒரு மாணவிதான். ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதை உலகளாவிய தொற்று என்று அறிவித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் மலேசியாவில் 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்து போனார்கள்.

முதலில் ஏன் மாணவர்கள்? விடுதியை நினைத்துப் பாருங்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று கட்டில்கள், எல்லாருக்கும் பொதுவான குளியலறை, சாப்பாட்டு மேசையில் தோளோடு தோள், விரிவுரை மண்டபத்தில் நூற்றுக்கணக்கான பேர். ஒருவன் தும்மினால் போதும். அமெரிக்காவின் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2009 ஆகஸ்டுக் கடைசியில் வகுப்புகள் தொடங்கின. இரண்டு வாரத்துக்குள் சுமார் 2,000 மாணவர்களிடம் ஃப்ளூ அறிகுறிகள். பெரும்பாலோர் சில நாட்களில் எழுந்து நடமாடிவிட்டார்கள் என்பது வேறு விஷயம். அத்தனை பேரையும் ஆஸ்பத்திரியில் சேர்க்க முடியுமா? அறையிலேயே இரு, வெளியே வராதே, நண்பன் சாப்பாடு கொண்டு வந்து தருவான் என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட வைத்தியம்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. காய்ச்சல் என்றால் கிழவர் கிழவியைத்தான் முதலில் பிடிக்கும் என்று நாம் நினைக்கிறோம். வழக்கமான ஃப்ளூவில் உயிரிழப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களே. ஆனால் 2009இல் பாட்டியை விட்டுவிட்டுப் பேரனைப் பிடித்தது. காரணம் என்ன?

அதற்கு 1918க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு உலகத்தையே வாரிக்கொண்டு போன ஃப்ளூ, மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நம் முன்னோரை ஏராளமாகப் பலி கொண்டது. (அப்போது நம் மலையில் போ தேயிலைத் தோட்டமே கிடையாது, அது 1929இல்தான் தொடங்கியது.) அந்த 1918 கிருமியின் வாரிசுகள், கொடுமை குறைந்து, 1957 வரை மனிதர்களிடையே சுற்றிக்கொண்டிருந்தன. இன்னொரு கிளை பன்றிகளிடம் தங்கிவிட்டது. 2009இல் வந்த கிருமியின் வெளித்தோலில் முக்கியமான பகுதி, அந்தப் பன்றிக் கிளையிலிருந்து வந்ததுதான். ஆக, சிறு வயதில் பழைய கிருமியோடு மல்லுக்கட்டிய பாட்டியின் உடம்புக்கு இது பழைய எதிரி. முகம் ஞாபகம் இருந்தது. அமெரிக்காவில் இரத்தம் எடுத்துச் சோதித்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் மூன்றில் ஒருவரிடம் இந்தக் கிருமியை எதிர்க்கும் சக்தி ஏற்கெனவே இருந்தது. பேரனிடம் அது ஏது?

1957இல் அந்தப் பழைய கிருமியை விரட்டியது ஆசிய ஃப்ளூ என்ற புதிய கிருமி. சீனாவில் கிளம்பி, ஹாங்காங் வழியாக, மே மாதம் சிங்கப்பூரை அடைந்தது. நாம் மெர்டேக்காவுக்குக் காத்திருந்த நேரம் அது. அப்போது மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே பணியாற்றிய லிம் கொக் ஆன் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் நோயாளிகளிடமிருந்து அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். ஏ/சிங்கப்பூர்/1/57 என்று அதற்கு ஊர்ப் பெயரையே வைத்தார்கள். காய்ச்சல் பரவ வசதியான இடமும் பல்கலைக்கழகம்தான், அதன் குட்டை உடைத்த இடமும் பல்கலைக்கழகம்தான்!

பாட்டி தப்பித்தாளே என்று இன்றைக்கு நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2009 கிருமி எங்கும் ஓடிவிடவில்லை. இன்று வரும் சாதாரண ஃப்ளூக்களில் அதுவும் ஒன்று. கூடவே வேறு வகைகளும் வருகின்றன. அவற்றுக்குப் பாட்டியிடம் பழைய ஞாபகம் உதவாது. இனிப்பு நீர், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஃப்ளூ நிமோனியாவில் கொண்டு போய் விடும். 2009இல் உலகெங்கும் கர்ப்பிணிப் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மருமகள் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

இப்போது பஸ் விஷயத்துக்கு வருவோம். கோலாலம்பூரிலிருந்து தாப்பா வழியாக மலையேறும் பஸ்ஸில் ஜன்னல் திறக்காது. காய்ச்சலோடு ஏறுகிறவன் மணிக்கணக்காக இருமிக்கொண்டே வருவான். வீட்டிலோ குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, நாலைந்து பேர் ஒரே அறையில் கம்பளியைப் போர்த்திப் படுக்கிறோம். ஃப்ளூ கிருமி, காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கி, ஐந்து முதல் ஏழு நாள் வரை பரவும். அதனால் பிள்ளையிடம் சொல்லுங்கள்: "அங்கேயே இரு, பல்கலைக்கழகக் கிளினிக்குக்குப் போ, எம்.சி. வாங்கு." பரீட்சை போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்து வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. நாமும் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்று காய்ச்சலோடு கொழுந்து பறிக்கப் போகிறவர்கள்தானே, அவர்களை மட்டும் எப்படிக் கடிந்துகொள்வது?

காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் உடம்பு சூடின்றி இருந்தால், பிறகு வெளியே நடமாடலாம் என்பது 2009இல் அமெரிக்கச் சுகாதாரத் துறை சொன்ன கணக்கு. பனடோல் போட்டுச் சூட்டை இறக்கிவிட்டுப் பஸ் ஏறுவது இந்தக் கணக்கில் சேராது. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் சிறுவர்களுக்கும் ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஈரலையும் மூளையையும் தாக்கும் அபூர்வ நோய் வரக்கூடும். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பூத்தல், பேச்சுத் தடுமாற்றம், விட்ட காய்ச்சல் திரும்பி வருதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். டாமிஃப்ளூ மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். கர்ப்பிணிகளும் நாட்பட்ட நோயுள்ளவர்களும் காய்ச்சல் கண்ட அன்றே ரிங்லெட் கிளினிக்குக்கோ தானா ராத்தா ஆஸ்பத்திரிக்கோ போய்விட வேண்டும்.

விடுதி என்றதும் பல்கலைக்கழகம் மட்டும் நினைவுக்கு வர வேண்டியதில்லை. இன்று நம் மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். ஓர் அறையில் பல பேராகத் தங்குகிறவர்கள். படிப்பு வேறானாலும் கட்டில் நெருக்கம் ஒன்றுதான். அங்கே ஒருவன் படுத்துவிட்டால், கஞ்சி கொண்டு போய் வாசலில் வைக்க ஓர் ஆள் வேண்டும்.

பிள்ளை விடுதியில் தனியாகக் கிடக்கிறானே என்ற கவலை தீராதுதான். தினமும் இரண்டு வேளை போன் செய்து, தண்ணீர் குடித்தானா, சூடு எவ்வளவு, மூச்சு எப்படி என்று கேளுங்கள். அறைத்தோழனின் நம்பரையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.