அனுபவம் இல்லாம டெஸ்டிங் வேலை: பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நெட்டுக்குப்பத்துல டிகிரி முடிச்சுட்டு, ‘அனுபவம் இல்லாம டெஸ்டிங் வேலை கிடைக்குமா?’ன்னு யோசிக்கிறீங்களா? கிடைக்கும். ஆனா ‘வேலை கேரண்டி’ன்னு சொல்றவங்களை நம்பி அம்மா நகையை அடகு வெச்சுடாதீங்க.

அனுபவத்தை நீங்களே உருவாக்கலாம். ஏதாவது ஒரு ரீசார்ஜ் ஆப்பைத் திறங்க. மொபைல் நம்பர் 10 இலக்கம் இருக்கணும். 9 போட்டா, 11 போட்டா, காலியா விட்டா என்ன ஆகுது? என்ன செஞ்சீங்க, என்ன வரணும், என்ன வந்துச்சுன்னு கூகுள் ஷீட்டுல எழுதுங்க. இதுதான் டெஸ்ட் கேஸ். தப்பு கிடைச்சா, ஸ்க்ரீன்ஷாட்டோட பக் ரிப்போர்ட் எழுதுங்க. 3 ஆப்புக்கு இப்படிச் செஞ்சு, டைடல் பார்க் பக்கம் இன்டர்வியூ போறப்போ காட்டுங்க.

சான்றிதழ் வேணும்னா ஐஎஸ்டிக்யூபி ஃபவுண்டேஷன் தேர்வு இருக்கு: 40 கேள்வி, 60 நிமிஷம், 26 மார்க் எடுத்தா பாஸ். பாடத்திட்டம் அவங்க தளத்துலயே இலவசம். ஆட்டோமேஷன் பழக செலினியமும் இலவசம். இன்னும் காலேஜ்ல படிக்கிறவங்க, 2022ல தமிழக அரசு தொடங்கின ‘நான் முதல்வன்’ பயிற்சிகளையும் பாருங்க.

ரெஸ்யூம்ல பொய் அனுபவம் மட்டும் போடாதீங்க. சரிபார்க்கும்போது மாட்டினா, கிடைச்ச வேலையும் போயிடும்.

கடைசியா ஒண்ணு: வேலை குடுக்கிறவங்கதான் உங்களுக்குச் சம்பளம் தரணும். உங்ககிட்ட பணம் கேட்டா, அது வேலை இல்லை!